சைக்கிள் குழுவில் பெண்கள் தொடர்ந்து வர என்ன செய்யலாம்?

கேட்கப்பட்டது இது: "எங்கள் ஊரில் மூன்று வருடமாக ஒரு சைக்கிள் குழு நடத்துகிறோம். ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பி நாற்பது கிலோமீட்டர் மிதித்து, வழியில் டிபன் சாப்பிட்டுத் திரும்புவோம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் பெண்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் தேறவில்லை. மகளிர் தினத்துக்கு இலவச டீ-ஷர்ட் கொடுத்துப் பேரணி வைத்தோம். நிறையப் பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு ஒருவரும் இல்லை. என்னதான் வழி?"

உங்கள் அறிவிப்பை ஒரு நாற்பது வயது அம்மாவாக உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். சொந்தமாக ஒரு சைக்கிள் வேண்டும். இருட்டோடு வாசலைத் தாண்ட முடிய வேண்டும். ஞாயிறு காலை ஒன்பது மணிவரை வீட்டில் யாரும் காபிக்காகவோ சாவிக்காகவோ தன்னைத் தேடாமல் இருக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் மிதிக்கத் தெம்பு வேண்டும். இத்தனையும் சொல்லாமல் சொல்லிவிட்டுத்தான் "யார் வேண்டுமானாலும்" என்று எழுதுகிறோம். ஆண்களில் இதில் தேறுகிறவர்கள் உங்களைப் போன்ற ஊரில் நிறைய இருப்பார்கள். பெண்களில் தேறியவர்கள் ஏற்கெனவே உங்களிடம் வந்துவிட்டார்கள். அந்த இரண்டு மூன்று பேர்தான் அவர்கள்.

ஆகவே பெண்களை உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இழுக்கப் பார்க்காதீர்கள். தினமும் அவர்கள் போகவேண்டிய இடத்துக்குச் சைக்கிளில் போய்வர வழி செய்யுங்கள். ஞாயிறு சவாரி எல்லாம் பிறகு தானாக வரும், வராவிட்டாலும் குற்றமில்லை.

நான் புதுக்கோட்டைக்காரி. இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அறிவொளியில்தான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது எழுத்துச் சொல்லிக்கொடுக்க. சைக்கிளுக்கென்று யாரும் ஆரம்பிக்கவில்லை. பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் பெண் தொண்டர்கள் போய் வகுப்பெடுக்க வேண்டும். அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விட்டால்தான் போக முடியும் என்றால் இயக்கம் நடந்த மாதிரிதான். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதைக் கவனித்து, நடமாட்டத்தையும் எழுத்தறிவின் ஒரு பாடமாகவே சேர்த்துவிட்டார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகளை நெருக்கினார். ஒன்றியம் ஒன்றியமாக இன்னின்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். முதலில் தொண்டர்கள் பழகினார்கள். அவர்களிடம் அ, ஆ படித்த பெண்கள் "எங்களுக்கும்" என்று கேட்டார்கள். பிறகு வயல் வேலைக்காரர்கள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கிராம செவிலியர்கள், பால்வாடி, சத்துணவுப் பணியாளர்கள், கல் பட்டை தீட்டுகிற பெண்கள், ஆசிரியைகள் என்று பரவியது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது, பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே.

1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்கள். இயக்கம் ஊர் ஊராக நடத்திய கண்காட்சிகளிலும் போட்டிகளிலும் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள். பழகியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவர்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் அந்தப் பேரணி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. படம் எடுக்க அதுதானே நன்றாக இருக்கும்! ஆனால் பேரணி அங்கே அறுவடை. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஊர்ப் பொட்டலில் விழுந்து எழுந்து பழகியதும், கடன் வாங்கியதும், வேலைக்குச் சைக்கிளில் போனதும் நடந்து முடிந்திருந்தன. நீங்கள் அறுவடையில் ஆரம்பித்திருக்கிறீர்கள். டீ-ஷர்ட் வாங்கிப்போன பெண்கள் மறுவாரம் எதற்கு வரவேண்டும், எதில் வரவேண்டும்?

என் பெரியம்மா அறிவொளியில் பழகியவர். தெருவில் கேலி பேசினவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில், "அறிவொளி வேலையாப் போறேன்" என்கிற ஒரே வரிதான். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். வேலையாகப் போகிற பெண்ணை ஊர் விட்டுவிடும். சும்மா காற்று வாங்கப் போகிறேன் என்றால் ஆயிரம் கேள்வி வரும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. காற்று வாங்கவும் பெண்ணுக்கு உரிமை உண்டு. ஆனால் தொடங்குகிற இடத்தில் அந்தச் சண்டையைப் பெண்களின் தலையில் கட்டாதீர்கள். பால் சொசைட்டிக்குச் சைக்கிளில் போய்ப் பழகினவர், ஆறு மாதம் கழித்துக் குளக்கரைக்கும் தானாகப் போவார்.

அறிவொளிக்குக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. பழகின எல்லாருக்கும் சைக்கிள் கிடைத்துவிடவில்லை. வீட்டில் இருக்கிற ஒற்றைச் சைக்கிள் முதலில் யாருக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதோடு, ஓர் ஆட்சியர் சொன்னால் வங்கி அசையும், வட்டார வளர்ச்சி அலுவலர் அசைவார். உங்கள் குழு சொன்னால் பக்கத்துத் தெரு டீக்கடைக்காரர்கூட அசைய மாட்டார். அளவில் அதைத் திருப்பிச் செய்ய முடியாது. முறையை எடுத்துக்கொள்ளலாம்.

பீகாரிலும் இதே பாடம்தான். 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிற பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, அந்த வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்கிற பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியிருந்தது, பையன்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அதிகமாகத் தெரிந்தது பள்ளி தூரமாக இருந்த ஊர்களில். போக ஓர் இடம் இருந்தது, அது நடக்க முடியாத தூரத்தில் இருந்தது, கூடப் போக நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி தனியாகப் போனால் "யார் வீட்டுப் பொண்ணு" என்பார்கள். பதினைந்து பேர் சேர்ந்து போனால் பள்ளிக்கூடம் விட்டாச்சு என்பார்கள்.

நம் தமிழ்நாட்டில் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு பிளஸ் ஒன், பிளஸ் டூவில் இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005-06 வாக்கில் எல்லாருக்கும் என்று விரிந்தது. இதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அன்று பதினாறு வயதில் பள்ளிக்கு மிதித்துப் போனவருக்கு இன்று முப்பத்தைந்துக்கு மேல். உங்கள் ஊரில் இரண்டு வகைப் பெண்கள் இருக்கிறார்கள்: பழகவே வாய்ப்பில்லாமல் போன மூத்தவர்கள், பள்ளிக்கு ஓட்டிவிட்டுக் கல்யாணத்தோடு விட்டவர்கள். இரண்டாவது கூட்டத்துக்கு நீங்கள் பாடம் எடுக்கப் போனால் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது சைக்கிளும், போக ஓர் இடமும்தான். ஒரு மணி நேரம் மைதானத்தில் விட்டால் கை தானாக வந்துவிடும். அவர்களிலேயே நாலு பேர்தான் உங்கள் பயிற்சியாளர்கள்.

மூத்தவர்கள் விஷயம் வேறு. பையன்கள் நம் ஊரில் எப்படிப் பழகினார்கள்? மணிக்கணக்கு வாடகைக் கடையில் ஒரு சைக்கிள் எடுத்து, பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்து, முட்டியைப் பேர்த்துக்கொண்டு. பாவாடை கட்டிய பெண் பிள்ளைக்குக் குரங்குப் பெடலும் இல்லை, வாடகைக் கடை வாசலும் இல்லை. இப்போது அந்தக் கடைகளே இல்லை. நாற்பத்தைந்து வயதில் முதல்முறை ஏறுகிறவருக்கு இருக்கிற பயம் விழுவதைப் பற்றி மட்டுமல்ல. "கீழ விழுந்து கைய ஒடச்சுக்கிட்டா யாரு சமைப்பா?" என்று நேராகவே கேட்பார்கள். கேள்வி சரிதான். விழாமல் பழக்குகிற முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி, சொல்லாமல் கையை விட்டுவிட்டு, "பாத்தியா, நீயே ஓட்டுற" என்கிற வித்தையை முதல் நாளே நிறுத்துங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு. பெரியவருக்கு நம்பிக்கை போய்விடும், மறுநாள் வரமாட்டார். பிடிக்கிறவர் ஆணாக இருந்தால் தொட்டுப் பிடிக்கிற சங்கடம் வேறு. யாரும் பிடிக்கவே தேவையில்லாத முறை ஒன்று இருக்கிறது. இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள், பதினைந்து எம்.எம். ஸ்பேனர் பெரும்பாலும் போதும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலமாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுக்கிறவர்கள் நிறைய. சீட்டை, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிற அளவுக்கு இறக்குங்கள். சின்னச் சக்கர சைக்கிளாக இருந்தால் இன்னும் நல்லது. முதலில் உட்கார்ந்தபடி நடக்கட்டும். பிறகு காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். லேசான சரிவு இருந்தால், இரண்டு காலையும் தூக்கி உருண்டு போகட்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, தூரத்து மரத்தில் இருக்க வேண்டும். கால் தரையில் எட்டும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பேலன்ஸ் வந்தபின் பிரேக். பிரேக் பழகாமல் பெடலை மாட்டாதீர்கள்.

சிலருக்கு இரண்டு நாளில் வரும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். "இவ்வளவு நாளா?" என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது, பெண்களும்தான். பெடல் போட்டு ஓட்ட வந்ததும் பயிற்சி முடிந்தது என்று கைதட்டிச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அது பாதிதான். ஒரு கையை விட்டுச் சைகை காட்ட, தோளுக்குமேல் திரும்பிப் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க, கடைத்தெருவில் இறங்காமல் மெதுவாக ஊர, லாரி தாண்டும்போது ஆடாமல் நேராகப் போக, இவை வந்தால்தான் ரோட்டுக்குப் போவார். பஞ்சர் ஒட்டவும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். நடுவழியில் காற்றுப் போனால் என்ன செய்வது என்பதுதான் பலரை வீட்டு வாசலோடு நிறுத்துகிறது. சக்கரத்தைக் கழற்ற வேண்டாம்; டயரை நெம்பி ட்யூபை வெளியே எடுத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப்போடத் தெரிந்தால் போதும்.

பழகுகிற இடம் மதில் உள்ள பள்ளி மைதானமாக இருக்கட்டும், கழிப்பறை திறந்திருக்கட்டும். டீக்கடையிலிருந்து பார்க்க முடிகிற பொட்டல் வேண்டவே வேண்டாம். நேரத்தை நீங்களாக முடிவு பண்ணாதீர்கள், கேளுங்கள். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பியபின் பத்து மணி என்பார்கள் சிலர், வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை நாலு மணி என்பார்கள். காலை ஐந்தரை என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அறிவிப்பிலேயே போட்டு, பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியைக் கூலி கொடுத்து வையுங்கள். பயிற்சி கொடுக்கிற பெண்களுக்கும் கூலி கொடுங்கள். "சேவை" என்று பெண்களிடம் மட்டும் இலவசமாக வாங்குகிற பழக்கம் நமக்கு நிறையவே இருக்கிறது.

உடுப்புக்குச் சட்டம் போடாதீர்கள். சேலையோ சுடிதாரோ பர்தாவோ, அவர் எதில் வெளியே போவாரோ அதிலேயே ஓட்டட்டும். சைக்கிளைத்தான் அதற்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும்: செயினை முழுசாக மூடுகிற கவர், பின் சக்கரத்துக்கு வலை, அகலமான சீட், முன்னால் கூடை. சீட் மூக்கு மேலே தூக்கி இருந்தால் தொடை இடுக்கில் அழுத்தி வலிக்கும், பெண்கள் அதை ஆண் மெக்கானிக்கிடம் சொல்லவும் மாட்டார்கள். ஹெல்மெட் வாங்குவதாக இருந்தால் கொண்டையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தைக் குழு நடத்துகிற ஆண்கள் யாருமே யோசிப்பதில்லை. எண்பது ஆண்கள் இருக்கிற குரூப்பில் ஒரு பெண்ணைச் சேர்த்த நிமிடமே அவர் எண் எண்பது பேரிடம் போய்விடுகிறது. ராத்திரி "ஹாய்" வர ஆரம்பிக்கும். அவர் புகார் சொல்லமாட்டார், சத்தமில்லாமல் வெளியேறுவார். நீங்கள் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். பெண்களுக்குத் தனிக் குரூப், பெண்ணே அட்மின், பொது அறிவிப்புக்கு எண் தெரியாத சேனல். புகைப்படத்துக்கும் இதே கதைதான். கேட்காமல் எடுத்த ஒரு படம் ஃபேஸ்புக்கில் போய், அங்கிருந்து மாமியார் வீட்டுக்குப் போய், பிறகு அந்தப் பெண் மைதானத்துப் பக்கமே வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். முகம் தெரிகிற படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். போன தடவை சம்மதித்தது இந்தத் தடவைக்குச் செல்லாது.

எங்கே போவது? இங்கே ஒரு புது நிலைமை இருக்கிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் "பஸ் காசு மிச்சம்" என்று சொல்லிச் சைக்கிளை விற்க முடியாது. வருத்தப்படவும் வேண்டாம். பஸ் மெயின் ரோட்டில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரை ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தோ, நடந்தோ, யாராவது பைக்கில் வந்து கூட்டிப்போகக் காத்திருந்தோதான் கடக்கிறார்கள். சைக்கிளுக்கு வேலை அந்தத் துண்டில்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வெளிச்சமான இடத்தில், சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு கடை வாசலையோ பஞ்சாயத்து இடத்தையோ பேசி வாங்கிக் கொடுத்தீர்கள் என்றால், உங்கள் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும்விட அது பெரிய காரியம். ரேஷன் கடை, வாரச்சந்தை, மகளிர் குழுக் கூட்டம், டியூஷன் என்று முதல் சவாரிகளை அங்கங்கே நடத்துங்கள். சேர்ந்து போகும்போது மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். அனுபவம் உள்ள ஒரு பெண் கடைசியில் வரட்டும்.

சீண்டல் வரும். வராது என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். பைக்கில் வந்து உரசிவிட்டுப் போவார்கள், ஹாரனை அடித்துக்கொண்டே பின்னால் வருவார்கள். இரண்டு பேராகப் போவது, தினம் ஒரே வழியில் போய்க் கடைக்காரர்களுக்கு முகம் தெரியவைப்பது, வண்டி எண்ணைக் குறிப்பது, பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடத் தயங்காமல் இருப்பது, இவை எல்லாம் உதவும். ஒருத்தர் வந்து நடந்ததைச் சொன்னால் "அந்தப் பக்கம் ஏன் போனீங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைத்தான் வீட்டில் கேட்பார்கள்.

சைக்கிளுக்கு எங்கே போவது என்றால், ஊரிலேயே கிடக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அரசு சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே, மாட்டுக்கொட்டகையில், டயர் வெடித்துக் கிடக்கும். வாங்கி, ட்யூப், பிரேக் கட்டை மாற்றி, எண்ணெய் போட்டால் பெரும்பாலானவை ஓடும். இந்த வேலைக்கு உங்கள் ஆட்கள் பொருத்தமானவர்கள், கியர் சைக்கிளைப் பிரித்து மாட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அவற்றை நூலகத்துப் புத்தகம்போல மூன்று மாதத்துக்கு இரவல் கொடுங்கள். பதிவேட்டில் பெண்ணின் பெயர் இருக்கட்டும், சாவி அவர் கையில் போகட்டும். வீட்டுக்காரர் பெயரில் கொடுத்தால் அது வீட்டுக்காரர் சைக்கிள் ஆகிவிடும்.

கொஞ்ச நாளில் சிலர் ஸ்கூட்டிக்குப் போய்விடுவார்கள். சைக்கிள்காரர்களுக்கு இது ஏனோ துரோகம் மாதிரித் தெரிகிறது. புதுக்கோட்டையிலேயே இயக்கத்தின் பெண் தொண்டர்களுக்கு யுனிசெஃப் 50 மொபெட் கொடுத்தது. அறிவொளி சைக்கிளில் ரோட்டுக்கு வந்த என் பெரியம்மாவே பின்னாளில் டி.வி.எஸ். 50-தான் ஓட்டினார். முட்டி வலி உள்ளவருக்கும், தினம் பதினைந்து கிலோமீட்டர் போகிறவருக்கும் அதுதான் சரி. போகட்டும். அவர்களைப் பயிற்சியாளராகத் திருப்பிக் கூப்பிடுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று குழம்ப வேண்டாம். உங்கள் குழு ஆண்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் அம்மா, மனைவி, அக்கா, மாமியாரிடம் இரண்டு கேள்வி கேட்டு வரட்டும்: சைக்கிள் ஓட்டத் தெரியுமா, தெரிந்தால் எங்கே போவாய்? கிடைக்கிற பதில்களை ஒரு தாளில் எழுதி, ஊர் வரைபடத்தில் அந்த இடங்களைக் குறியுங்கள். பழக விரும்புகிறவர்கள் உங்கள் முதல் வகுப்பு. வகுப்பு நேரத்தை அவர்கள் முடிவு செய்தபின், அந்த ஒன்றரை மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்று உங்கள் ஆண்கள் குரூப்பில் பெயர் போட்டு ஒரு பட்டியல் வையுங்கள். ஒரு ஞாயிறு சவாரியைத் தள்ளிவைக்க வேண்டி வந்தால் தள்ளிவையுங்கள்.